வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டதா?

கடைவாய்ப் பல்லில் நாலு நாளாகக் குடைந்த வலி ஐந்தாம் நாள் காலையில் காணாமல் போனால் யாருக்குத்தான் நிம்மதி வராது? டாக்டரிடம் கேட்டு வைத்த நேரத்தை ரத்து செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். ஆனால் பல் விஷயத்தில் வலி தானாக அடங்குவது பெரும்பாலும் கெட்ட சேதிதான். உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனதால் வலி நின்றிருக்கும். கிருமி சாகவில்லை. அது வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் கழித்து அது வீக்கமாக வெளியே வரும், அதுவும் கிளினிக் எல்லாம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாகப் பார்த்து.

வலிக்கும்போது பயப்படுவதும் வலிக்காதபோது மறந்துவிடுவதும்தான் பல் கெடுவதற்குப் பாதிக் காரணம். அதனால் முதலில் வலியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

எந்த வலி எதைக் காட்டுகிறது

பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அங்கே இருக்கும்வரை எதுவும் தெரியாது. கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அடுத்த அடுக்கான டென்டினுக்கு வந்ததும் கூச்சம் ஆரம்பிக்கும். ஐஸ் தண்ணீரோ ஜிகர்தண்டாவோ பட்டதும் சுளீரென்று கூசி, ஐந்தாறு விநாடியில் அடங்கிவிட்டால் நேரம் இன்னும் கைவசம் இருக்கிறது என்று பொருள். சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் போதும். ஒரே சிட்டிங்கில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு.

அதே கூச்சம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீடித்தால் சொத்தை நடுவிலிருக்கும் கூழை, அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் இடத்தை நெருங்கிவிட்டது. சூடான காபி பட்டால் வலித்து, பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் இதமாக இருக்கிறதா? படுத்ததும் வலி விண் விண்ணென்று கூடுகிறதா? கூழ் வீங்கிவிட்டது. படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் அந்த வீக்கத்துக்கு விரிய இடமில்லை. பல்வலிக்கு ராத்திரி பிடித்துப்போவது இதனால்தான். இந்தக் கட்டத்தில் ரூட் கெனால் (கெட்ட கூழை எடுத்துவிட்டு வேர்க் குழாயை அடைப்பது) அல்லது பல்லைப் பிடுங்குவது என்ற இரண்டே வழிதான். சொத்தையை மட்டும் அடைப்பது பயன்படாது.

மென்றால் மட்டும் குறிப்பிட்ட ஒரு பல் வலித்தால் தொற்று வேர் நுனியைத் தாண்டியிருக்கலாம். கடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு, கடியை விடும் நொடியில் ‘சுருக்’கென்று குத்தினால் பல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்லி எலும்பைக் கடித்து உடைக்கிறவர்களுக்கும், வறுத்த கடலையில் கிடந்த கல்லைக் கடித்தவர்களுக்கும் இது வரும். மயிரிழை விரிசல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. எதைக் கடித்தபோது ஆரம்பித்தது என்று நீங்கள் சொல்லும் ஒரு வரிதான் டாக்டருக்குத் துப்பு.

இன்னொன்று, வலி இடம் மாறிப் பேசும். கீழ்க் கடைவாய்ப் பல் கெட்டால் காது வலிக்கும். மேல் பல் கெட்டால் கன்னமும் கண்ணுக்குக் கீழும் கனக்கும். நீங்கள் விரல் வைத்துக் காட்டும் பல்லை விட்டுவிட்டு டாக்டர் வேறு பல்லைத் தட்டிப் பார்த்தால் அவர் தவறு செய்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வலியே இல்லாமல் ஈறில் சின்னப் பரு மாதிரி எழுந்து, அமுக்கினால் உப்புக் கரிக்கும் சீழ் வந்து, இரண்டு நாளில் வற்றி, மறுபடி வந்தால் அது வாய்ப்புண் இல்லை. வேர் நுனியில் தேங்கிய சீழ் தனக்கொரு வடிகால் வெட்டிக்கொண்டிருக்கிறது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. வீக்கம் கண் பக்கம் ஏறுவது, தாடைக்கு அடியில் கழுத்துவரை கெட்டியாகப் பரவுவது, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கச் சிரமம், மூச்சு முட்டல், காய்ச்சல் குளிர். இவற்றில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி எந்நேரமும் அவசரப் பிரிவு இயங்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தாடைக்கு அடியில் பரவும் தொற்று மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடியது.

டாக்டரிடம் போகும்வரை

பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் எந்தக் காரணத்துக்காகவும் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. இதைவிட வேகமான வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதற்கு முன்னால் சிறுநீரகக் கோளாறு, அல்சர், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை என்று எதுவும் உங்களுக்கு இல்லையே என்று யோசியுங்கள்.

ஆன்டிபயாடிக் பல்வலி மாத்திரை கிடையாது. கூழ் வீங்கியதால் வரும் வலியை அது தணிக்காது. கிருமி பல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது; அங்கே ரத்த ஓட்டம் செத்துவிட்டதால் மருந்து போய்ச் சேர வழியில்லை. போன தடவை எழுதிக்கொடுத்த சீட்டில் மிச்சமிருந்த மூன்று மாத்திரையைப் போடுவது அடுத்த தொற்றுக்கு அந்த மருந்து கேட்காமல் போகத்தான் உதவும்.

கிராம்புத் தைலம் உண்மையில் வேலை செய்யும், தற்காலிகமாக. சின்னப் பஞ்சில் ஒரு சொட்டு நனைத்து, ஓரத்தில் பிழிந்துவிட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்தால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கி வைத்தாலும் அதேதான்: வலி குறையாது, கன்னத்தின் உள்தோல் வெள்ளையாக உரியும். வீங்கிய கன்னத்தில் வெளியிலிருந்து சுடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். பல்லில் புழு இருக்கிறது என்று கண்டங்கத்திரி விதையைப் புகைத்துக் காட்டுகிறவர்களிடமும் போக வேண்டாம். சொத்தை பாக்டீரியாவின் வேலை, அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருப்பதில்லை.

பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம். கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலி போன பிறகும் கை அந்தப் பொட்டலத்தைத் தேடும். வயதானவர்கள் பலரின் புகையிலைப் பழக்கத்துக்கு இப்படியொரு பல்வலிதான் பிள்ளையார் சுழி.

பல் விளக்குவது: ஈறு ஓரம், இரவு நேரம்

எல்லோரும் பல்லை விளக்குகிறார்கள். விளக்க வேண்டிய இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். பல்லும் ஈறும் சேரும் அந்தக் கோட்டில் சாயங்காலத்துக்குள் வெளுத்த மாவு மாதிரி ஒரு படலம் சேர்ந்துவிடும். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், நகத்தில் ஒட்டும். சோற்றுத் துணுக்கு என்று பலர் நினைப்பது கிருமிகள் கட்டிய கூடு. வாய் கொப்புளித்தால் அது போகாது. துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மென்மையான தூரிகை, சின்னத் தலை. பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல் 45 பாகை சாய்த்து, நார்களின் பாதி ஈறு மேலும் பாதி பல் மேலும் படும்படி வையுங்கள். லேசாக அழுத்தினால் ஈறு நுனி வெளிறும். அந்த அளவுக்கு மேல் அழுத்தம் வேண்டாம். வைத்த இடத்திலேயே பத்துப் பதினைந்து தடவை மிகச் சின்ன அசைவாக அதிரவிட்டு, பிறகு மேல் பல்லுக்குக் கீழ்நோக்கியும் கீழ்ப் பல்லுக்கு மேல்நோக்கியும் வழித்துவிடுங்கள். இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். வெளிப்புறம் முடிந்ததும் உட்புறம். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். அந்தப் படலம் இறுகிக் கல்லாகும் காரை முதலில் கட்டுவது அங்கேதான், ஏனென்றால் எச்சில் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியில் அங்கே திறக்கிறது. கடைசியாக மெல்லும் பரப்பு, நாக்கு. மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்க்காமல் விளக்கினால் நாற்பது விநாடியில் முடித்துவிட்டு இரண்டு நிமிடம் ஆனதாக நினைப்போம்.

பிடிக்கும் விதமும் முக்கியம். முஷ்டியில் பிடித்தால் பாத்திரம் தேய்க்கிற வேகம் வந்துவிடும்; பேனாப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். கெட்டி பிரஷ்ஷால் குறுக்கே அறுத்து விளக்குகிறவர்களை அவர்கள் வாயே காட்டிக்கொடுத்துவிடும்: ஈறு ஏறிப்போய், பல்லின் கழுத்தில் கோடாலியால் கொத்திய மாதிரி ஒரு வெட்டு. வலதுகைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் இடது சிங்கப்பல்லிலும் அதற்குப் பின்னாலுள்ள இரண்டு பல்லிலும் இருக்கும், கை வேகமாக இறங்கும் இடம் அது. செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள், உப்பு எல்லாம் இதே வெட்டைச் சீக்கிரம் போடும். முதலில் பல் பளிச்சென்று தெரியும். எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் வெளியே வந்து, வெளுக்க ஆசைப்பட்ட பல் முன்னைவிட மஞ்சளாகிவிடும்.

விளக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவது இயல்பு. செய்ய வேண்டியது நேர் எதிர். படலம் அங்கே இருப்பதால்தான் ஈறு புண்ணாகி ரத்தம் வருகிறது. மென்மையாக, ஆனால் விடாமல் அங்கேயே விளக்கினால் பத்துப் பதினான்கு நாளில் ரத்தம் குறையும். குறையவில்லை என்றால் ஈறுக்கு அடியில் காரை இருக்கிறது, பிரஷ் அதை எடுக்காது.

பேஸ்ட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஃபுளோரைடு இருக்கிறதா. டியூபின் முதுகில் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, அளவு போட்டிருக்கும். நம் நாட்டு பேஸ்ட்டில் 1000 பிபிஎம் உச்சவரம்பு. மூலிகை பேஸ்ட் வாங்கினாலும் அந்த வரியைத் தேடுங்கள், பலவற்றில் இருக்காது. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலைபோல் பிழிவது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்காக. விளக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்புளிக்காதீர்கள். பல்லில் தங்கும் அந்த மெல்லிய பூச்சுதான் ராத்திரி முழுக்க வேலை செய்கிறது.

ராத்திரி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். எச்சில்தான் அமிலத்தைக் கழுவி, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அந்தக் காவல் இல்லாத ஆறேழு மணி நேரத்துக்குப் பல்லை அழுக்கோடு விட்டுவிட்டு, காலையில் எழுந்து அரைமணி நேரம் தேய்த்து என்ன பயன்? ஒரே ஒரு தடவைதான் விளக்க முடியும் என்றால் அது படுக்கப் போகுமுன் இருக்கட்டும்.

பல் இடுக்குக்கு பிரஷ் போகாது. நெருக்கமான பற்களுக்கு ஃபிளாஸ் நூல், இடைவெளி உள்ளவர்களுக்கு இடுக்கு பிரஷ், தினம் ஒரு தடவை. சுக்கா சாப்பிட்டதும் கறி நார் எப்போதும் ஒரே இடுக்கில்தான் மாட்டுகிறது என்றால் ஊக்கையும் குச்சியையும் தூக்கிப்போட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே சொத்தையோ ஓரம் சரியாக அமையாத ஃபில்லிங்கோ இருக்கும். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நார் விரிந்தால் அதற்கு முன்பே.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதை வைத்து வேப்பங்குச்சிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. பழமொழியில் வரும் வேல் வேம்பு இல்லை, கருவேலம். அதுவும் நம் கண்மாய்க்கரை எங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் இல்லை, அது பிற்பாடு வந்து குடியேறியது. குச்சி நுனியை நன்றாக மென்று பூந்துடைப்பம்போல் ஆக்கி, ஈறிலிருந்து பல் நுனிக்கு வழித்தால் வெளிப்புறம் சுத்தமாகும். உட்புறத்துக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கும் எட்டாது, ஃபுளோரைடும் கிடையாது. பிடித்தவர்கள் காலையில் குச்சி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இருக்கட்டும்.

ஃபுளோரைடு பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில ஊர்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் அது இயற்கையாகவே அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. விரும்பத்தக்க அளவு, 1.5 மி.கி. உச்சம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில், நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் எட்டு வயதுவரை குடித்து வளர்ந்தால் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் விழும். தெருவில் பல பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி கறை தெரிந்தால் பேஸ்ட்டைக் குறை சொல்லாமல் தண்ணீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் செய்வார்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டினால் செறிவு கூடத்தான் செய்யும்.

எவ்வளவு இனிப்பு, எத்தனை தடவை

வாயில் சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் கிருமி அமிலம் கக்க ஆரம்பிக்கும். அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். என்ற அளவு வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் பிடிக்கும். கணக்கு இங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டோடு ஒரு பெரிய ஜிகர்தண்டா குடித்தால் ஒரு தாக்குதல். மாசி வீதியில் கடை வைத்திருப்பவர் காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பதுவரை மணிக்கொரு அரை டம்ளர் டீ குடித்தால் பன்னிரண்டு தாக்குதல், பல் ஆறி எழுவதற்கு இடைவெளியே கிடையாது. மொத்தச் சர்க்கரை சமமாகவே இருந்தாலும் இரண்டாவது ஆளுக்குத்தான் சொத்தை. டீயை விட முடியாதென்றால் இரண்டு தடவைக்குமேல் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்புளியுங்கள்.

பன், பிஸ்கட், சிப்ஸ், கடலை மிட்டாய் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நேரத்தை இழுக்கும். எலுமிச்சை ஜூஸ், சோடா, புளிப்பான எதையும் குடித்தவுடன் பல் விளக்காதீர்கள். ஊறி இளகிய எனாமலை பிரஷ் வழித்துவிடும், அரைமணி பொறுங்கள். மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இதே விதி: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்புளித்துவிட்டு, பிறகு விளக்கலாம்.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

காரையை எடுத்துச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் பற்றி இவ்வளவு பயம் ஏன் என்று புரியாமலில்லை. செய்துகொண்டு வந்த மறுநாள் பல் இடுக்கில் நாக்கு நுழைகிறது, பல் கூசுகிறது, லேசாக அசைகிற மாதிரிகூட இருக்கிறது. நடந்தது என்னவென்றால், பத்து வருடக் காரை சிமென்ட் மாதிரி பல்லைப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருந்தது, அதே காரைதான் அடியில் எலும்பைக் கரைத்துக்கொண்டுமிருந்தது. சிமென்டை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன. ஈறு இறுகக் கொஞ்ச நாள் ஆகும், கூச்சம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். கருவி அதிர்வில் தண்ணீர் விட்டுக் காரையை உடைக்கிறது, பல்லை அரம் போட்டு ராவுவதில்லை. ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை, சர்க்கரை நோயாளிகள் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் இருவழிப் பாதை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை மாத்திரைக்கு அடங்காது. பல் பிடுங்கப் போகும் நாளில் காலைப் பலகாரத்தையும் மாத்திரையையும் வழக்கம்போல் முடித்துவிட்டுக் காலை நேரத்தில் போங்கள். வெறும் வயிற்றில் போய் நாற்காலியில் மயங்குவது அடிக்கடி நடக்கிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பல்லுக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம், இதயக் குழாயில் உறைந்த ரத்தத்தை அப்படி ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால், செயற்கை வால்வு இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். பிரஷர் 180/110 அளவில் இருந்தால் டாக்டர் இன்னொரு நாள் வரச்சொல்வார், அதற்காகக் கோபப்பட வேண்டாம்.

பல் பிடுங்கிய பிறகு முதல் மூன்று நாள்

எல்லாமே குழியில் உறையும் ரத்தக்கட்டியைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. அந்தக் கட்டிதான் எலும்புக்குப் போர்வை.

வைத்த பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பும்போது வாய்க்குள் உண்டாகும் உறிஞ்சல் கட்டியைப் பிடுங்கிவிடும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் அப்படியே. ஐஸ்கிரீம் சாப்பிடலாம், கோன் வேண்டாம், கப்பில் வாங்கி ஸ்பூனால். ஜிகர்தண்டாவும் ஸ்பூனால்தான். மரப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கும். அதுவரை எதையும் மெல்லாதீர்கள், பிள்ளைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் வைத்து பத்து நிமிடம் எடுத்து. அன்று முழுக்க ஆறிய இட்லி, தயிர்சாதம், கஞ்சி. சூடு, காரம், பொரி, முறுக்கு, சாராயம், பீடி சிகரெட் கிடையாது. குனிந்து சுமை தூக்கும் வேலையும் வேண்டாம்.

24 மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து ஆட்டி, வாயைத் திறந்து வழியவிடுங்கள். நாளுக்கு நான்கு தடவை. மற்ற பற்களை அன்று ராத்திரியே விளக்கலாம், குழியை மட்டும் விட்டுவிட்டு.

எச்சிலில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்து வருவது ஒருநாள்வரை சகஜம். வாய் நிறைய சிவப்பாக ஊறினால், சுத்தமான பருத்தித் துணியை மடித்து நனைத்துக் குழி மேல் வைத்து இன்னும் அரைமணி கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளம்புங்கள். வலி முதல் நாள் அதிகமாக இருந்து குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த வலி மூன்றாம் நாள் காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றத்தோடு திரும்பினால் கட்டி உதிர்ந்து எலும்பு வெறுமையாகிவிட்டது. இதற்கு வீட்டில் மருந்தில்லை. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி மளமளவென்று இறங்கும். புகைப்பவர்களுக்கும் கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் இது அதிகம்.

ரூட் கெனால் செய்தவர்கள் வழுக்குவது வேறு இடத்தில். முதல் சிட்டிங்கில் வலி போனதும் தற்காலிக அடைப்போடு ஆறு மாதம் காணாமல் போகிறார்கள். அந்த அடைப்புக்குச் சில வாரம்தான் ஆயுள், கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும். சிகிச்சை முடித்துக் கேப், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை, போடாமல் விட்டவர்களுக்கு ஒருநாள் கறித்துண்டைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும்; வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஆரம்பிக்கும் முன்பே கேப்பையும் சேர்த்து மொத்தச் செலவு என்ன என்று எழுதிக் கேளுங்கள். முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு

முதல் பல் முளைத்த அன்றே ஆரம்பிக்கலாம். மூன்று வயதுவரை அரிசி மணி அளவு பேஸ்ட், ஆறு வயதுவரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயதுவரை ராத்திரி நீங்கள்தான் விளக்கிவிட வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவைத்தால் மேல் முன்பற்கள் நான்கும் அரித்துவிடும்.

பெற்றோர் தவறவிடும் பல் ஒன்று இருக்கிறது. ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நாலு மூலையிலும் ஒவ்வொரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். விழவில்லையே, அதனால் பால்பல்தான், சொத்தையானாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது. வாழ்நாள் முழுக்க அந்த நாலு பல்தான். முளைத்ததுமே அவற்றின் பள்ளங்களில் சீலன்ட் என்ற மூடு பூச்சைப் பூசச் சொல்லிக் கேளுங்கள், ஊசியும் கிடையாது வலியும் கிடையாது.

அடிபட்டுப் பல் கழன்று விழுந்தால்

பைக்கிலிருந்து விழுந்தாலும், அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு தள்ளினாலும், பள்ளி மைதானத்தில் முழங்கை இடித்தாலும் செய்முறை ஒன்றுதான். இது நிரந்தரப் பல்லுக்கு மட்டும்; பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, உள்ளிருக்கும் பல்லை அது கெடுக்கும்.

பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையான தலைப் பக்கத்தைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேர் மேல் மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருக்கும் செல்கள்தான் பல் மறுபடி பிடிப்பதற்கான முதல். அழுக்கு இருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ பத்து விநாடி அலசுங்கள். தேய்க்காதீர்கள், சோப்பு வேண்டாம், துணியில் துடைக்க வேண்டாம். முடிந்தால் வந்த குழியிலேயே சரியான பக்கமாகச் செருகி, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

செருக முடியாவிட்டால் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, அடுப்பில் ஏற்றாத குளிர்ந்த பாலை ஒரு டம்ளரில் வாங்கி அதில் போடுங்கள். தண்ணீரில் போட்டால் செல்கள் ஊதி வெடித்துவிடும், பேப்பரில் மடித்தால் காய்ந்து சாகும். அரைமணிக்குள் டாக்டரிடம் சேர்ந்தால் நல்ல வாய்ப்பு. ஒரு மணியைத் தாண்டினால் வாய்ப்பு சரியும், ஆனாலும் பல்லைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். மயக்கம், வாந்தி, தலையில் அடி இருந்தால் பல் அப்புறம், ஆம்புலன்ஸ் முதலில்.

வலிக்காத புண்

பல் செட் போடுகிறவர்கள் ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவையுங்கள், வெந்நீரில் போட்டால் வளையும். அடியில் துண்டு விரித்துக் கழுவுங்கள், கை தவறி விழுந்தால் உடையாது. செட் உரசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் ராவிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சோழவந்தான் வெற்றிலை நம் பெருமைதான், குற்றம் அதனுடையதில்லை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் அப்படித்தான். தினமும் பாக்கு அடக்குகிறவர்களின் கன்னத்தின் உட்புறம் தோல்வார் மாதிரி இறுகி, காரம் பட்டால் எரியும், வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். சோதிக்க எளிய வழி: உங்களுடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்து இப்போது இரண்டுதான் நுழைகிறது என்றால் பாக்கை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் போன் டார்ச்சை அடித்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கைத் தூக்கி அடிப்பகுதி என்று பாருங்கள். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்தால் ஓரம் நன்றாகத் தெரியும். சூடு பிடித்தும் கடித்துக்கொண்டும் வரும் புண் எரியும், பத்து நாளில் ஆறும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் ஓரம், கழுத்தில் கழலை: இவை பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததால்தான் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். காட்டினால் டாக்டர் சின்னத் துணுக்குச் சதையை மரப்பு ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். பரவாது. ஒன்றிரண்டு தையல் போடுவார்கள், முடிவு வந்த தேதியில் போய் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.